வாசக்காலுக்கு வழிவிட்ட கார்

கூரையைப் பிரித்த பிறகுதான் எங்கள் வீடு அதுவரை எவ்வளவு இருட்டாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஓடுகளை இறக்கி வேப்பமரத்தடியில் அடுக்கிவிட்டார்கள். சமையற்கட்டில் நின்று நிமிர்ந்தால் ஆகாயம். சாமி அலமாரி இருந்த சுவரில் காலை வெயில் நேராக விழுந்தது. தினமும் நான் விளக்கேற்றிய இடத்துக்குச் சூரியனே இறங்கி வந்தது போலிருந்தது. கும்பிட்டுவிட்டு, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே மரத்தடியில் அடுப்புக் கூட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். வீட்டின் உத்திரங்களைக் கரையான் தின்றிருந்தது. பழைய சுவரை வைத்துக்கொண்டே கூரையை மாற்றி, தலைவாசலைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். கிழக்கே, வீட்டை ஒட்டி, கார் கொட்டகை இருந்தது. அதற்குள் மாமனாரின் கறுப்புக் கார்.

மாமனார் தவறிய பிறகு பல வருஷமாக அதை யாரும் எடுக்கவில்லை. படுதா போட்டு மூடியிருந்தோம். பின் சீட்டில் கோழிகள் அடைகாத்தன. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது அந்தக் காரில்தான். தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே சோளக்காடுகள் ஓடின. திருச்செங்கோட்டு மலை மட்டும் ஓடாமல் கூடவே வந்தது. அர்த்தநாரியே துணைக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் கண்ணை மூடினால் மல்லிகையும் பெட்ரோலும் கலந்த அந்த வாசம் வரும்.

புது வாசக்கால் வைக்க வேண்டிய இடத்தில் அந்தக் கார் நின்றது. டயரெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது, ஒரு சோடி மாட்டைப் பூட்டி இழுத்து வெளியே தள்ளிவிடலாம் என்று கொத்தனார் யோசனை சொன்னார். கொட்டகை வாசலில் நின்ற என் மாமியார் அதைக் கேட்டுவிட்டார்.

"செத்ததைத்தான் இழுத்துட்டுப் போவாங்க. வாசக்கால் வெக்கற எடத்துல இருந்து அதைய இழுத்துட்டுப் போனா, அந்த வாசல்ல நான் காலு வெக்க மாட்டேன். ஆட்டையாம்பட்டியில எம்பொண்ணு ஊட்டுக்குப் போயிர்றேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் எதையும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் மாற்றவும் மாட்டார். அன்று சாயங்காலமே அவருடைய தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. வளர்பிறை முகூர்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் கார் தன் காலில் நடந்து வெளியே வரவேண்டும்.

நாமக்கல்லில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரை என் வீட்டுக்காரர் கூட்டி வந்தார். முன்மூடியைத் திறந்தால் இன்ஜின் மேல் எலிக்கூடு. தேங்காய் நாரும் கடலைத் தோலும். அவர் அதையெல்லாம் வழித்துப் போட்டார். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றினார். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. "ஊறட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஊறிய நாட்கள் எனக்குக் கனவு போல நினைவிருக்கின்றன. கூரையில்லாத வீட்டில் காற்று எல்லா அறைக்கும் போய் வந்தது. வேப்பம்பூ கட்டிலில் உதிர்ந்து கிடந்தது. சுண்ணாம்புத் தூசி வெயிலில் மிதந்துகொண்டே இருந்தது, கீழே இறங்க மனமில்லாதது போல. மத்தியானம் மரத்தடியில் கண்ணயர்ந்தால், தூரத்தில் அந்தக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது கேட்கும். எழுந்து பார்த்தால் புறாக்கள். மாமியாரும் என்னைப் போலவே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

ஒரு காலையில் கைப்பிடி சுற்றியது. என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி பாதிக்குமேல் நனைந்து வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மாமனார் கடைசியாக மேட்டூர் போய்த் திரும்பும்போது டாங்கியை நிரப்பிக்கொண்டு வந்தாராம். பழைய பெட்ரோல் ஆகாது, இறக்கிவிடலாம் என்றார் மெக்கானிக். இவர் கேட்கவில்லை. மேலே புதுசை ஊற்றிக்கொள்ளலாம், அப்பா அடித்த பெட்ரோலை மண்ணில் கொட்ட வேண்டாம் என்றார். அவர் முகத்தைப் பார்த்த மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

லாரி பேட்டரி வந்தது. சக்கரங்களுக்கு மாற்று டயர் போட்டாயிற்று. பெட்ரோல் ஊற்றியாயிற்று. கார் கிளம்பவில்லை. தொண்டையில் எதுவோ மாட்டிக்கொண்டது போல ஒரு இருமல், அவ்வளவுதான். பிளக்கைத் துடைத்துத் துடைத்து மாட்டினார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் வரை அதே இருமல்தான். கொத்தனார் எதற்கும் இருக்கட்டுமென்று மாடுகளை ஓட்டி வந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டார். மாமியார் வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, "மாரியாத்தா, இந்தப் பெட்டி இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். காருக்காக வேண்டினேனா, மாமியாருக்காகவா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் மெக்கானிக் யாரையும் கேட்காமல் காருக்கு அடியில் படுத்து, டாங்கியின் அடித்திருகைக் கழற்றிவிட்டார். தகர டப்பாவில் கொட்டியது பெட்ரோல் இல்லை. மஞ்சளாக, கலங்கலாக, தண்ணீர். அதில் அழுகிய துளசி இலைகள். மெக்கானிக் விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, மஞ்சத்தண்ணி வாசமடிக்குதுங்களே."

பெட்டி மேலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"நாந்தான் ஊத்துனேன். மாட்டுப் பொங்கலுக்கு ஊட்டுல இருக்கற அத்தனை உருப்படிக்கும் தண்ணி காட்டறோம். இது மட்டும் நாவறண்டு நிக்கோணுமா?"

"ஏம்மா, அதுல போயி..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"உங்கப்பன் அங்கதான பெட்ரோலு ஊத்துவாரு சாமி. அதுதான் அதுக்கு வாயின்னு நெனச்சேன்."

ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் அவர் சொம்போடு கொட்டகைக்குள் போவதை நானும் பார்த்திருக்கிறேன். தனியாக அழுதுவிட்டு வரட்டும் என்று பின்னாலேயே போனதில்லை.

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நல்ல வேளைங்க ஆத்தா, புண்ணாக்குப் போடாம உட்டீங்க."

"போடலாமுன்னுதான் பாத்தேன். வாயி சிறுசா இருக்குது."

என் வீட்டுக்காரர் டப்பாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவின் பெட்ரோல் எப்போதோ ஆவியாகிப் போயிருந்தது; அதென்று நினைத்து அவர் காத்து வைத்தது அம்மாவின் தண்ணீர். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்தத் தண்ணீரை அவர் மண்ணில் கொட்டவில்லை. கொண்டுபோய் வேப்பமரத்தின் வேரில் ஊற்றினார்.

டாங்கி உள்ளே துருப்பிடித்திருந்தது. அதைச் சரிசெய்ய நேரமில்லை. மெக்கானிக் ஒரு பாட்டிலில் புதுப் பெட்ரோலை நிரப்பி, மூடியில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை இன்ஜினோடு நேராக இணைத்தார். பாட்டிலைக் கவிழ்த்து உயரப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்.

மாமியார் பெட்டியிலிருந்து எழுந்தார். "இங்க குடு சாமி. நான் காட்டறேன்."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரம் ஏற்றப் போன என் கையை மெக்கானிக் தடுத்துவிட்டார். பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. சரி, சாமிக்குத் தெரியும் என்று ஏற்றாத கற்பூரத்தையே காட்டினேன். என் வீட்டுக்காரர் கைப்பிடியைச் சுற்றினார்.

முதலில் அதே இருமல். பிறகு ஒரு நீளமான மூச்சு. பிறகு அந்தச் சத்தம், என் கல்யாண நாளில் கேட்ட சத்தம், வீட்டுச் சுவர்களுக்குள் புகுந்து சுற்றி, மேலே கூரையில்லாததால் நேராக ஆகாயத்துக்குப் போயிற்று. புறாக்கள் எழும்பின. அடுக்கிய ஓடுகள் கிணுகிணுத்தன. நீலப் புகைக்குள் மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதே தெரியவில்லை. வெளுத்த சேலைக் கை ஒன்று மட்டும் பாட்டிலை ஏந்தியபடி மெதுவாக மிதந்து வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசம். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வாசலைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, வேப்பமரத்து நிழல் வரை வந்து, பாட்டில் தீர்ந்ததும் கார் நின்றது. மாமியார் கையை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய அறையில் வைத்தேன். பெட்டி மேல் வெயில் அடித்தது.

மறுநாள் முகூர்த்தத்தில் வாசக்கால் நின்றது. மஞ்சள், குங்குமம் வைத்தது நான். எல்லாரும் கலைந்த பிறகு மாமியார் வந்து, நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே காலை வைத்தார்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்கெல்லாம் தண்ணி காட்டி முடித்ததும், மாமியார் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு மரத்தடிக்கு வந்து காரின் பக்கத்தில் நின்றார்.

"எந்த வாயி சாமி?" என்று மகனைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விலகி நின்றார்.