எலப்புள்ளிக் கிணற்றின் மூவாயிரத்து இருநூறு ஆண்டுக் குழல்

2024 மார்ச் 11: கிணறு தூர் வாருதல் தொடக்கம். ஆழம் 32 அடி.
மார்ச் 12: அடிச் சேற்றில் எலும்பு 1. நீளம் 9 அங்குலம். துளை 2.
மார்ச் 13: 32 x 100 = 3,200 ஆண்டு.
மார்ச் 14: தொல்பொருள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். வேலை நிறுத்தம்.

அடிக்கு நூறாண்டு என்பது எலப்புள்ளி பொங்கியண்ணன் தம் கிணற்று நோட்டில் தாமே போட்ட கணக்கு. ஆதி மனிதர்கள் கழுகின் எலும்பில் துளையிட்டுக் குழல் ஊதியதைச் செய்தித்தாளில் படித்து, கத்தரித்து ஒட்டி வைத்திருந்தார். பதில் வரும்வரை கிணற்றில் யாரும் இறங்கக் கூடாது என்றார். வெயிலில் நாற்பது தென்னம்பிள்ளைகள் வாடின. அவர் மனைவி கருப்பாத்தாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தாள்.

"ஏனுங்க, கெணத்துல எது உழுந்தாலும் அடிக்குத்தானுங்க போகும்? போன மாசம் உழுந்த சொம்பும் அங்கதான் கெடந்துச்சு. அதுக்கும் மூவாயிரம் வருசமா?"

"அது உன்ற அப்பன் ஊட்டுச் சீரு. இருந்தாலும் இருக்கும்."

மூன்று பிள்ளைகள் பட்டுப்போயின. அதையும் தேதியோடு குறித்துக்கொண்டார்.

குழலைப் பட்டு வேட்டியில் சுற்றிப் பீரோவில் பூட்டியிருந்தார். முப்பத்தொன்பதாம் நாள், ஊதிப் பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. வீட்டுக்குள் எலும்பை வாயில் வைக்கக் கூடாது என்று கருப்பாத்தாள் துரத்த, தோப்புக்குப் போனார். கன்னம் புடைக்க ஊதினார். காற்றுக்கூட வரவில்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு நெஞ்சுரம் அதிகம் என்று முடிவுசெய்தார்.

தென்னை உச்சியில் கள் இறக்கிக்கொண்டிருந்த ஷாஜி எட்டிப் பார்த்தான். சறுக்கி இறங்கி வந்தான்.

"அண்ணா, இது எங்க அச்சன் கள்ளு ஊறப் பாளை தட்டுன எலும்பாக்கும்! தண்ணி சேந்தக் குனிஞ்சப்ப கெணத்துல போச்சுன்னு சாகற வரைக்கும் சொல்லீட்டிருந்தாரு."

"துளை இருக்குதே?"

"ஒண்ணு ஈயம் ஊத்த, கனத்துக்கு. ஒண்ணு இடுப்புக் கயித்துக்கு. நீங்க எதுக்கு ஈயத்த ஊதறீங்க?"

தன் இடுப்பில் தொங்கிய எலும்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அச்சில் வார்த்ததுபோல் இரண்டும் ஒன்று. பிறகு பழைய எலும்போடு மரமேறி, தென்னம்பாளையில் தட்டினான். டொக், டொக், டொக். தாளம் பிசகவில்லை.

பொங்கியண்ணன் நெடுநேரம் கேட்டார். நோட்டில் 'குழல்' என்பதை அடித்து, 'தாளக் கருவி' என்று எழுதினார். வயது: தெரியவில்லை.

"தாளமோ மேளமோ, ஆளுகள வரச் சொல்லுங்க" என்றாள் கருப்பாத்தாள்.

அன்றே அலுவலகத்துக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். மறுநாள் தூர் வாரினார்கள். ஊற்றுக்கண் திறந்தது. முப்பத்தேழு பிள்ளைகள் பிழைத்தன. மழையும் சேர, கிணற்றில் பதினெட்டு அடித் தண்ணீர்.

அதன் பிறகுதான் அலுவலகத்தின் பதில் வந்தது. முதல் கடிதத்துக்கு. குழலைப் பார்வையிட ஆள் வருமாம். அதுவரை கிணற்றின் அடியில் யாரும் கால் வைக்க வேண்டாமாம். 'இனி வைக்க முடியாது, தண்ணீர் 18 அடி' என்று பொங்கியண்ணன் மனச்சாட்சியோடு ஓரத்தில் எழுதினார். கடிதம் வந்த தேதி: 2024 ஜூலை 2.