கட்டை பேசிய கூடம்

செய்தி வந்தபோது பலகைகளுக்குப் பசை தடவி முடித்திருந்தோம். மாலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் ஒரு சட்டம் உண்டு. பசை போட்டுவிட்டால் பிரஸ்ஸை மூடும்வரை யாரும் நகரக்கூடாது. போனில் அக்காவின் வீட்டுக்காரர் வேலு மாமா, "சேகரு, உங்க அக்கா எழுந்திரிக்கலப்பா. காலைல இருந்து எழுப்புறேன்" என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிரஸ்ஸை மூடினேன். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அக்காதான். மூடிய பிறகுதான் அழுதேன்.

செண்பகவல்லி அக்கா எங்கள் தலைமைப் பொறியாளர். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவரை அறியாதவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஒட்டி, அழுத்தி, சுவரளவுக்கு ஒரே துண்டாக்குவோம். ஜன்னல், கதவுக்கான இடத்தையும் இங்கேயே வெட்டி லாரியில் அனுப்பிவிடுவோம். கட்டும் இடத்தில் போல்ட் முடுக்குவதுதான் மிச்சம். "ப்ளைவுட்டுக்குப் பெரியண்ணனா?" என்று கிண்டல் செய்பவர்கள் கையில் அக்கா ஒரு சுத்தியலைக் கொடுத்து, "ஒடச்சுக் காட்டுங்க" என்பார்.

அவர் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்கிற லைனில், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் கட்டை முட்டுக் கொடுக்கிறவர். நானும் அந்த ஊர்தான். எங்கள் வீடுகளுக்கு அடியில் இருப்பது மண் அல்ல, பழைய சுரங்கம். மூடிய பிறகு அதில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. திடீரென்று ஒரு மத்தியானம் தரை உதறும், அலமாரியில் பாத்திரம் குலுங்கும், சுவர் விரிசல் இன்னும் கொஞ்சம் நீளும். பழைய சமுதாயக் கூடம் அப்படித்தான் பிளந்தது. அதே இடத்தில் மரத்தால் கட்டலாம் என்று ஊர்க் கமிட்டியில் அக்கா வாதாடினார்.

"கீழ காலியா இருக்குது. மேல இன்னாத்துக்குங்க இவ்ளோ கனம்? மரம் லேசு. தரை ஆடினா கூடவே ஆடிட்டு நிக்கும்."

கூடம் நின்று காட்டினால், அடுத்து விரிசல் விட்ட லைன் வீடுகளுக்குப் பதில் மரவீடுகள். அதுதான் அவருடைய ஆசை.

கூடம் மளமளவென்று எழுந்தது. திறப்பு விழா ஒரு சாயங்காலம், அந்தக் காலத்தில் ஷிப்ட் சங்கு ஊதுகிற நேரம். சங்கு ஓய்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அக்கா மைக்கைப் பிடித்தார். தலைக்கு மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். ஒன்றே ஒன்று.

சுரங்கத்தில் பாறை வெடிக்குமுன் முட்டுக்கட்டை இப்படித்தான் சத்தம் போடும். கட்டை பேசினால் ஓடு என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தார்கள். சுரங்கத்தையே பார்த்திராதவர்களும் ஓடினார்கள். முதலில் ஓடியவர் முனுசாமி பெரியப்பா. சுரங்கத்துக்குள் ஆட்களைக் கேஜ் என்கிற தூக்குக் கூண்டில் ஏற்றி, மூன்று பெல் அடித்து மேலே அனுப்பிய பென்ஷன்காரர். வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வாசலில் நின்ற என்னையும் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. உள்ளே அக்கா மட்டும், காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றார்.

பிறகு ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. நானும் அக்காவும் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தோம். எதுவும் தளரவில்லை. "வெயில்ல காஞ்ச மரம் சாயங்காலக் காத்துல மூச்சு விடுது, அவ்ளோதான்" என்றார். எனக்கும் அது தெரியும். ஆனால் எந்தச் சுவரில் காதை வைத்தாலும் சத்தம் அடுத்த சுவரில்தான் கேட்டது. தினமும் சங்கு நேரத்தில், ஒரே ஒரு தடவை. "இன்னாக்கா இது?" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"எங்க அப்பா ஷிப்டுக்கு எறங்குற நேரம்" என்றார்.



பொங்கல் வரை பார்ப்போம், ஆள் வராவிட்டால் பிரித்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றது கமிட்டி. போல்ட் போட்டதைக் கழற்றுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. அக்கா தினமும் சாயங்காலம் டீ பிளாஸ்க்கோடு போய்த் தனியாக உட்கார்ந்தார். போகும்போது, "பூட்டாதீங்கப்பா, யாராவது வருவாங்க" என்பார். உள்ளே அவர் யாருடனோ பேசுகிறார் என்று தெருவில் கிசுகிசுத்தார்கள். உண்மையா என்று கேட்டேன்.

"பேசுற கட்டைக்குப் பதில் சொல்லாம எப்டிப்பா? காங்கிரீட்டுதான் ஒண்ணும் சொல்லாம விழும்."

பொங்கலுக்குச் சில வாரம் இருக்கும்போது அவர் போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா?

அவர்கள் லைன் வீட்டுச் சந்தில் பாடை திரும்பாது. "கூடத்துலயே வெச்சிடுங்க" என்றார் வேலு மாமா. வைத்தோம். ஊரே வந்தது, வந்து வெயிலில் வெளியே நின்றது. கடைசியில் முனுசாமி பெரியப்பா செருப்பைக் கழற்றினார். கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாலையோடு உள்ளே போனார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சற்று நேரத்தில் உள்ளே நிற்க இடமில்லை.

தூக்குகிற சமயம் மேளம் நின்றது. சங்கு நேரம்.

டொக்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். மறுபடியும் ஒன்று. ஒன்றுக்கு மேல் அது ஒருநாளும் அடித்ததில்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் ஓடவில்லை. முனுசாமி பெரியப்பா குனிந்து பாடைக் கழியில் தோளைக் கொடுத்தார்.

"மூணு பெல் ஆச்சு. ஆளு மேல போறாங்க. தூக்குங்கப்பா."

தூக்கினோம்.

காரியம் முடிந்து திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கா, பெண்கள் கூடத்திலேயே உட்கார்ந்து உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ உங்கள் பிளாஸ்க்கைக் கழுவிச் சுவரோரமாக வைத்திருந்தார்கள். கமிட்டிக்காரரும் அங்கேதான் தரையில் உட்கார்ந்திருந்தார். பிரிக்கிற பேச்சை எடுக்கவில்லை. சாவியை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

கூடத்தைப் பூட்டவில்லை அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.