ஜெராக்ஸ்காரர் வரட்டும்

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் மனைவிகூட, "எங்க ஜெராக்ஸ்காரர் இன்னும் சாப்பிட வரலை" என்றுதான் பேசுவாள். அவரை நாலு பேருக்குத் தெரிய வைத்தது அந்த மெஷின் இல்லை. ஒருநாள் தபால்காரர் கடை வாசலில் மயங்கி விழுந்தாரே, அதுதான்.

அன்றைக்கு நல்ல கூட்டம் கூடியது. பத்துப் பேர் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். மனுஷனும் பிழைக்க மாட்டான் போலிருக்கிறது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ்காரர்தான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, தபால்காரரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தபால்காரர் பிழைத்துக்கொண்டார். தெருவுக்கும் நிம்மதி, இனிமேல் இதற்கெல்லாம் ஓர் ஆள் கிடைத்தாயிற்று.

அப்புறம் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், எந்தக் குழந்தை மாடிப்படியில் உருண்டாலும் போன் அவருக்குத்தான். அவரும் முதலுதவி வகுப்புக்குப் போய் சர்டிபிகேட் வாங்கி, தன் கையாலேயே லேமினேட் செய்து கடையில் மாட்டினார். சர்டிபிகேட்டோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்து சேர்ந்தது. நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போகிற இடத்தில் எல்லாம் அவருடைய முதல் வைத்தியம் கூட்டத்தை அதட்டுவது.

"யாரும் கையை வைக்காதீங்க. தெரியாம தொட்டா இருக்கிற உயிரும் போயிடும். ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க, கழுத்து போயிடும். நான் வர்ற வரைக்கும் சும்மா நில்லுங்க, அதுவே பெரிய உதவி."

சும்மா நிற்பது எங்கள் தெருவுக்குக் கைவந்த கலை. இப்போது அதற்கு உத்தரவும் கிடைத்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒருமுறை, கீழே விழுந்த ஒரு அம்மாவின் காலில் துணி சுற்றப் போனார். ஜெராக்ஸ்காரரிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி. அன்றிலிருந்து அவர் கை பேண்ட் பையை விட்டு வெளியே வருவதில்லை.

இப்படியிருக்க, ஒருநாள் காலையில் ஜெராக்ஸ்காரர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மரத்துப்போன வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வீடு திரும்பினார். தன் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் மச்சானுடைய ஸ்கூட்டரை எடுத்துப் போயிருந்தார். தெருத் திருப்பத்தில் தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. சுவரோரம் கிடந்த உடைந்த தகரம் தொடையைக் கிழித்தது. முகம் மூடிய ஹெல்மெட்டோடு குப்புற விழுந்தவருக்கு நினைவு தப்பவில்லை. கால் பக்கம் சூடாக ஓடுவது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. யாராவது அந்த இடத்தில் கையை வைத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தாவிட்டால் கதை முடிந்தது.

காலடிகள் வந்து சுற்றி நின்றன. அவருக்கு உயிர் வந்தது. எல்லாம் தெரிந்த செருப்புகள்.

"ஐயோ, யாருன்னு தெரியலையே. ஹெல்மெட்டைக் கழட்டிப் பாக்கலாமா?" இது டியூஷன் டீச்சர்.

"கழட்டாதீங்கம்மா, கழுத்து போயிடும்." இது ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். "ஜெராக்ஸ்காரர் எத்தனை தடவை சொல்லியிருக்கார்."

"ரத்தம் நிறைய போகுதே சார்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதுக்காக? நீங்க கையை வச்சு ஏதாவது ஆச்சுன்னா? ஜெராக்ஸ்காரர் வரட்டும்."

அழுத்துங்கடா பாவிகளா என்று கத்தினார் ஜெராக்ஸ்காரர். பஞ்சைத் தாண்டி ஒரு முனகல்தான் வந்தது. பாவம், வலி போல, என்றார்கள்.

மேனேஜர் போனை எடுத்து நம்பரைத் தட்டினார். விழுந்து கிடந்தவரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"வீட்டிலிருந்து தேடுறாங்க போலிருக்கு," என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜமாகவே அழுதாள்.

"எடுக்க மாட்டேங்கிறாரே," என்று மேனேஜர் சலித்துக்கொண்டார். "அவசரத்துக்கு மனுஷன் இல்லைன்னா எப்படி?" மறுபடி தட்டினார். மறுபடி அடித்தது.

ஜெராக்ஸ்காரருக்குப் பயம் வந்தது. தன்னைத் தொடவிடாமல் தடுத்து நிற்கிற ஒவ்வொரு வார்த்தையும் தன் வாயிலிருந்து போனதுதான் என்பது, அந்த நிலையிலும், நன்றாகப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து பார்சல் கொடுக்க வந்த பெண் ஒருத்தி வண்டியை நிறுத்தினாள். தெருவுக்குப் புதியவள்.

"என்ன எல்லாரும் பாத்துட்டு நிக்கிறீங்க?"

"ஜெராக்ஸ்காரருக்குச் சொல்லியாச்சும்மா."

"அது யாரு?" என்று கேட்டுக்கொண்டே துப்பட்டாவைச் சுருட்டித் தொடையில் வைத்து, முழங்காலைப் போட்டு அழுத்தினாள். முழங்காலை வைக்கக் கூடாது, உள்ளங்கையைத்தான் வைக்கணும் என்று ஜெராக்ஸ்காரருக்குச் சொல்லத் தோன்றியது. நல்லவேளை, வாயில் பஞ்சு இருந்தது.

தையல் போட்டு, ரத்தம் ஏற்றி, ஆள் தேறிவிட்டார். தெருவே ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தது. கடைசியாக வந்த மேனேஜர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் நிஜமான வருத்தம்.

"நாங்க உங்களுக்கு எத்தனை போன் பண்ணோம் தெரியுமா?"

"கேட்டுச்சு சார்."

"சரி விடுங்க. நீங்க எழுந்து நடக்க நாளாகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் தெருவுக்கு ஒருத்தர் வேணுமில்ல? அந்தப் பார்சல் பொண்ணு நம்பர் இருந்தா கொடுங்க."

ஜெராக்ஸ்காரருக்குக் கோபம் மூக்கு நுனி வரை வந்தது. யார்மேல் கோபப்படுவது? தான் விதைத்ததைத் தான்தான் அறுக்க வேண்டும்.

"நம்பர் இல்லை சார். கையைக் கொடுங்க." மேனேஜரின் உள்ளங்கையை இழுத்து, அடிபடாத தொடையின்மேல் வைத்தார். "அழுத்துங்க."

மேனேஜர் இரண்டு விரலால் தொட்டும் தொடாமலும் வைத்தபடி கதவுப் பக்கம் பார்த்தார்.

"இதெல்லாம் நாம பண்ணலாமா? நர்ஸம்மா யாராவது வரட்டுமே."

"யாரும் வர மாட்டாங்க சார்," என்றார் ஜெராக்ஸ்காரர். "அழுத்துங்க."