ஜன்னல் வெயிலில் ஒரு முட்டி

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. இடது காலை நொண்டிக்கொண்டுதான் ஏறினார். ஜன்னலில் வெயில் விழும்போதெல்லாம் உறையிலிருந்து ஒரு ஸ்கேன் படத்தை உருவி, கண்ணாடியில் வைத்துப் பார்த்துப் பூரித்தார்.

"முட்டி ஜவ்வு கிழிஞ்சிகீது சார்," என்றார், பெண்ணுக்கு வரன் அமைந்ததைச் சொல்வதுபோல.

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"மச்சான் கார்ல முன்னாடி குந்திகினு போனேன். மரத்துல மோதி, முட்டி டேஷ்போர்டுல இடிச்சிகிச்சு. எக்ஸ்ரேல எலும்பு நல்லா கீதுன்னுட்டாங்க. மூணு மாசமா எம் பொண்டாட்டி, நடிக்கிறேன்னு சொல்லிகினு கீறா. இன்னிக்கி எம்ஆர்ஐல தெரிஞ்சிபோச்சு. சரி பண்ணிடலாமாம்."

திருப்போரூரில் இருவரும் இறங்கினோம். அவர் மனைவி காத்திருந்தார். படத்தை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து, தலைகீழாகவே வெகுநேரம் பார்த்தார் அந்த அம்மாள். பிறகு கணவரின் தோள்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தார். அவ்வளவு கம்பீரமாக ஒருவர் நொண்டி நான் பார்த்ததில்லை.