கந்தையா எழும்பவில்லை

வாடகை வழக்குக்கு ஆட்களைக் கூட்டிப்போவதும் ஒரு தொழில்தான். கூலி கிடையாது, வசை உண்டு. முதலில், துறைமுகக் கிடங்கில் தொழிற்சங்கம் கேட்டதற்காக என்னை வெளியே தள்ளினார்கள். அடுத்து, நான் எழுதிய துண்டுப்பிரசுரத்தைக் கோவில் வாசலில் எங்கள் ஆட்களே கிழித்தார்கள். அதன்பின் வழக்குகளில் வரிசையாகத் தோற்றேன். வாடகை வீட்டில் காலம் தள்ளுபவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

எதிர்ப்பக்கம்

என்னைத் தோற்கடித்தவர் ஒரு பெண் வழக்கறிஞர். வீட்டுச் சொந்தக்காரர்களுக்காகவே வாதாடுவார். ஒருநாள் என் துண்டுப்பிரசுரத்தை அவர் கையில் திணித்தேன். கிழிப்பார் என்று பார்த்தேன். நின்ற இடத்திலேயே முழுவதும் வாசித்தார்.

"கோபம் சரி. சட்டம்தான் பிழை."

கூப்பிட்ட பெயர்

சில வருடங்களில் அவரே நீதிபதியானார். இனி எங்கள் கதை முடிந்தது என்று கூட்டத்தில் முழங்கினேன். அவரிடமே வந்தது தங்கேஸ்வரியின் வழக்கு. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. தன் தாயைக் குடிவைக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் அவளை வீட்டைவிட்டு எழுப்பப் பார்த்தார்.

"மதாம் கந்தையா!" என்று சேவகர் கூப்பிட்டார். தங்கேஸ்வரி அசையவில்லை. "எழும்பும் தங்கச்சி, உம்மைத்தான்" என்று இடித்தேன்.

"விசரே அண்ணை? அது அப்பா. அவர் செத்தெல்லோ போனார்."

எதிர்ப்பக்க வழக்கறிஞர் துள்ளி எழுந்து, ஆள் வரவில்லை, வெளியேற்ற உத்தரவு தாருங்கள் என்றார். நான் கத்தினேன். மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"இறந்தவரை வீட்டைவிட்டு எழுப்ப எனக்கு அதிகாரமில்லை. உயிரோடு இருப்பவரின் பெயரைச் சொல்லுங்கள்."

முழங்கால்

வீட்டுக்காரர் தன் தாயின் முழங்கால் நோவை உருக்கமாக விவரித்தார். நீதிபதி குறுக்கிடவே இல்லை. கடைசியில், லிப்ட் உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை. முன்பு எங்களை விழுத்திய அதே கூர்மை. வாய் பிளந்து பார்த்திருந்தேன்.

"அப்படியானால் மூன்றாம் மாடிக்கு அம்மாவை நீங்கள் தூக்கிக்கொண்டா போவீர்கள், முசியே?"

வாசிப்பு

அந்த வழக்கின் தீர்ப்புத்தான் ஓய்வுபெற முன் அவர் சொன்ன கடைசித் தீர்ப்பு. இடைவேளை முழுக்க மொழிபெயர்ப்பாளரிடம் தங்கேஸ்வரியின் பெயரைக் கேட்டுக் கேட்டுப் பழகினாராம். மண்டபமே கேட்க, அதை எழுத்தெழுத்தாக வாசித்தார். வீடு தங்கேஸ்வரிக்கே. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலையிலகூட என்னை ஒருத்தரும் இப்பிடிக் கூப்பிட்டதில்லை, அண்ணை."

நீதிபதிகளை நம்பாதீர்கள் என்று இன்றும் எழுதுகிற நான், அன்று அத்தனை பேர் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் வாயிலிருந்து கேட்டது இதைத்தான்: "கந்தையாவின் மகள், தங்கேஸ்வரி."