அரைப் பேர்

ஆகஸ்ட் லீவு விட்ட முதல் வாரத்திலேயே, பள்ளிக்கூடம் எப்போதடா திறக்கும் என்று எனக்கு ஆகிவிட்டது. சொன்னால் சிரிக்கிறார்கள். டீச்சருக்கு லீவு கசக்குமா என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கிற அந்த ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு, ஒருமுறை வரட்டும். மழை விடாமல் கொட்டும்போது ஒரு காம்பராவிலும் அதன் வாசலில் உள்ள சின்ன இஸ்தோப்பிலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பகலைக் கழித்துப் பார்க்கட்டும். மறுநாள் அவர்களே ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துக் கேட்டைத் திறந்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார். மற்றபடி போனில்தான் குடும்பம். "புள்ளைங்க என்ன பண்றாங்க?" என்பார். "உயிர வாங்குறாங்க" என்பேன். "லீவுதானே, வெளையாடட்டுமே" என்பார். அங்கே இருந்துகொண்டு சொல்வதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

மகன் விளையாடலாம். அவன் இந்த வருசம்தான் முதலாம் வகுப்பு. மகளுக்கு ஏது விளையாட்டு? அவளுக்கு ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை கழுத்துக்கு வந்து நிற்கிறது. அதில் தேறினால் டவுனில் பெரிய பள்ளிக்கூடம். தேறாவிட்டால் நான் படிப்பிக்கிற அதே தோட்டத்துப் பள்ளிக்கூடம். அங்கே பத்தாம் வகுப்போடு எத்தனை பெண்பிள்ளைகள் கூடையைத் தூக்கினார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் அம்மா கொழுந்து எடுத்தாள். அம்மாவின் அம்மாவும் எடுத்தாள். நான் எப்படியோ படித்து டீச்சரானேன், ஆனால் லயத்தைத் தாண்டவில்லை. இந்த இரண்டும் தாண்டியே ஆக வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. சாமியிடம் கேட்பதும் இதைத்தான், இவர்களைத் திட்டுவதும் இதற்காகத்தான்.

அதனால் லீவென்றாலும் மகளுக்குக் காலையில் ஒரு மாதிரி வினாத்தாள், சாப்பிட்ட பிறகு ஒன்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் பிழை விடுவாள், எழுந்து போனால் பென்சிலைக் கடிப்பாள். மகனோ இஸ்தோப்பில் நின்றுகொண்டு, "அக்கா முடிஞ்சிருச்சா? அக்கா முடிஞ்சிருச்சா?" என்று கேட்டே என் மண்டையைப் பிளப்பான். எனக்கும் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. துவைத்த துணி காயாது, விறகு பிடிக்காது. மழை எப்போது விடும் என்று வாசலை எட்டிப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்துவிடும்.

மழை கொஞ்சம் விட்டால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கோடிக்கு வந்துவிடும். வந்தால் ஒரே விளையாட்டு. தோட்ட விளையாட்டு. ஒருத்தி கங்காணி, மற்றதெல்லாம் கொழுந்து எடுக்கிற ஆட்கள். உரப் பையை வெட்டிக் கயிறு கட்டித் தலையில் மாட்டிக்கொண்டு வேலியோரத்துச் செடிகளை மொட்டையடிக்கும். பிறகு வரிசையாக நின்று நிறுவைக்குக் கொடுக்கும். கங்காணி யார் தெரியுமா? என் மகள்தான். அந்தக் குரலும் மிடுக்கும் எங்கிருந்துதான் வருமோ. கணக்குப் பாடத்தில் வாயைத் திறக்காதவள், அங்கே நின்று கிலோக் கணக்கை மனசிலேயே கூட்டிக் கழித்துச் சொல்வாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஒங்களுக்கு வேற வெளையாட்டே கெடைக்கலையா? பஸ் வெளையாடுங்க, போங்க!" என்று கத்தினேன். பஸ் விளையாடினார்கள். எட்டிப் பார்த்தால், பஸ் மலையடியில் நிற்கிறது, எல்லோரும் இறங்கிக் கொழுந்துக்குப் போகிறார்கள். "ஆஸ்பத்திரி வெளையாடுங்க" என்றேன். வந்த நோயாளி அத்தனை பேரும் மலையில் குளவி கொட்டினவர்கள். சரி, இதிலாவது தப்பிக்கலாம் என்று பள்ளிக்கூடம் விளையாடச் சொன்னேன். டீச்சர் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிட்டுவிட்டு, பிந்தி வந்த பிள்ளையை, "இன்னைக்கு வேல இல்ல, திரும்பிப் போ" என்று விரட்டுகிறாள். அந்த டீச்சரும் என் மகள்தான். கடைசிக் காம்பரா அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "டீச்சரு, நீங்க என்னத்தப் படிச்சுக் குடுத்தாலும் இதுங்க மலைக்குத்தான் போகுதுங்க" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலமும் அப்படித்தான் தொடங்கியது. மழை விட்டு, மலையில் மூட்டம் இறங்கியிருந்தது. மகள் இரண்டாவது வினாத்தாளை முடித்து நீட்டினாள். "கொஞ்ச நேரம் வெளையாடிட்டு வாங்க, கூப்பிட்டதும் வரணும்" என்று இரண்டையும் வெளியே விட்டேன். உட்கார்ந்து திருத்தத் தொடங்கினால் பிழை, பிழை, பிழை. நேற்றுச் சொல்லிக் கொடுத்த அதே கணக்கு. சிவப்புப் பேனாவை மேசையில் எறிந்தபோது வெளியே அவள் குரல் கேட்டது. "ஒனக்கு இன்னைக்கு அரப் பேருதான்! கொழுந்து பத்தாது!"

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். அந்த வாரம் மழையும் குளிருமாகக் கொழுந்தே துளிர்க்கவில்லை. லயத்தில் எந்த வாசலில் நின்றாலும் இதே பேச்சுதான், யாருக்கு முழுப் பேர் விழுந்தது, யாருக்கு அரைப் பேர் விழுந்தது என்று. பிள்ளைகளுக்குக் காது இல்லையா? கேட்டதைத்தான் விளையாடுகிறார்கள். இது இப்போது புரிகிறது. அப்போது வந்தது கோபம் மட்டும்தான். போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "கணக்குல கோட்ட விட்டுட்டு அங்க கங்காணி வேலையா பாக்குற? ஒக்காரு! திரும்பப் போடு!" அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகன் வாசலில் நின்று, "அக்கா, எனக்கு அரப் பேரா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "நீ பேசாம இரு!" என்று அவனுக்கும் ஒன்று வைத்தேன், வாயால்தான்.

பிறகு அவள் கணக்குப் போட்டாள், நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. இஸ்தோப்பில் சத்தமே இல்லை. அவன் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லாமல் இருக்காது.

கோடிக்கு ஓடினேன். யாரும் இல்லை. மற்றப் பிள்ளைகள் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒவ்வொரு காம்பராவாகத் தட்டினேன், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பார்த்தேன், கோயிலடியில் பார்த்தேன். இல்லை. திரும்பி வந்தபோது மகள் வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, அவன் பையக் காணோம்" என்றாள்.

"என்ன பை?"

"கொழுந்துப் பை. கொழுந்து பத்தாதுன்னு நாந்தானே சொன்னேன். எடுக்கப் போயிருப்பாம்மா."

 லயத்துக்குப் பின்னால் தேயிலைதான், மலை உச்சி வரைக்கும். தேயிலைச் செடி எனக்கு இடுப்பளவு. அவன் உள்ளே இறங்கினால் உச்சி மயிர்கூட வெளியே தெரியாது. இடையிடையே ஆழமான கான்கள், மழைத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடும். போன மாதம்தான் மேல் மலையில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கியது. "ஐயோ, எம் புள்ள" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே ஏறினேன். மகள் செருப்புகூட இல்லாமல் பின்னால் ஓடி வந்தாள். வீட்டிலேயே நில்லடி என்றால் கேட்கவில்லை. மூட்டத்தில் நான்கு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு கானாகக் குனிந்து பார்த்தேன். கண்ணுக்குள் என்னென்னவோ வந்தது. அதையெல்லாம் எழுத மாட்டேன்.

மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இங்க இல்லம்மா. அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரம். அவன் மடுவத்துக்குத்தான் போயிருப்பான்."

"அவனுக்கு என்னடி தெரியும் மடுவம்?"

"தெரியும். எடுத்த கொழுந்த எங்க குடுப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும்மா."

கொழுந்து நிறுக்கிற மடுவம் லயத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் இருக்கிறது. நாங்கள் எதிர்ப்பக்கம் ஏறி வந்திருக்கிறோம். அவள் சொன்னதுதான் சரி என்று எப்படியோ பட்டது. வந்த வழியே இறங்கி ஓடினேன். இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தேன். மகள்தான் தூக்கிவிட்டாள்.

மடுவத்துக்கு முன்னால் பெண்கள் பையும் கூடையுமாக வரிசையில் நின்றார்கள், தோளெல்லாம் நனைந்து. வரிசையில் கடைசிக் காம்பரா அக்கா நின்றார். அவருக்கு முன்னால் அவருடைய இடுப்புயரத்துக்கு என் மகன். தலையில் கயிறு, முதுகில் உரப் பை. காலில் அட்டை கடித்து இரத்தம் வழிகிறது, அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. பெரிய மனுசன் போல் வரிசையில் நிற்கிறான். பெண்களெல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

 அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியதில் கூப்பிட வாய் வரவில்லை. அதற்குள் அவன் முறை வந்துவிட்டது. தராசுக்குப் பக்கத்தில் நின்ற கங்காணி மேல் லயத்துக்காரர், வேடிக்கையான மனுசன். "வாங்கய்யா, புது ஆளா? எங்க, கொழுந்தப் பாப்போம்" என்று பையை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். "என்ன தம்பி, பாதி முத்தல் எலையா இருக்கு? பரவால்ல, மொத நாளுதானே. போடுறேன் தம்பிக்கு, முழுப் பேரு!"

பெண்கள் கை தட்டினார்கள். என் மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசு வாங்கியபோதுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை. என்னைப் பார்த்துவிட்டான். "அம்மா! எனக்கு முழுப் பேரு!" என்று குதித்தான்.

நான் எழுந்திருப்பதற்கு முன்னால் மகள் ஓடிவிட்டாள். வரிசையை விலக்கிக்கொண்டு போய்க் கங்காணியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மாமா, வேணாம் மாமா. அவனுக்குப் பேரு போடாதீங்க. போட்டா நாளைக்கும் வரணும். நாளான்னைக்கும் வரணும். அவன் சின்னப்புள்ள மாமா. போடாதீங்க." அவ்வளவு நேரம் அழாதவள் இப்போது ஏங்கி ஏங்கி அழுதாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. கங்காணி என்ன செய்வதென்று தெரியாமல், "அட புள்ள, நான் சும்மாதான் சொன்னேன்" என்றார். எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாளைக்கும் நாளான்னைக்கும் வருகிறவர்கள்தானே அத்தனை பேரும் அங்கே நிற்கிறார்கள். என் வீட்டில் பேசுகிற பேச்சு அவர்கள் முன்னால் என் மகள் வாயில் வந்து நின்றது.

கடைசிக் காம்பரா அக்காதான் முதலில் அசைந்தார். கொக்கியில் இருந்து மகனின் பையைக் கழற்றினார். அதில் இருந்ததைத் தன் பைக்குள் கொட்டி, கையால் ஒருமுறை அமுக்கிவிட்டார். "புள்ள சரியாத்தான் சொல்லுது கங்காணி. அங்க எம் பேரு ஒண்ணு போதும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கூட்டிட்டுப் போங்க டீச்சரு, காலுல அட்டயப் பாருங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மகனை அடிக்க ஓங்கிய கை அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. கனமாக இருந்தான், ஈரமாக இருந்தான், உயிரோடு இருந்தான். வழியெல்லாம் ஒரே சிணுங்கல். அவன் எடுத்த கொழுந்தை அந்த மாமி எப்படி எடுக்கலாம்? முழுப் பேர் என்று சொல்லிவிட்டு எப்படி இல்லை என்று சொல்லலாம்? மகள் பக்கத்தில் வெறுங்காலோடு நடந்துகொண்டே, "ஒனக்கு முழுப் பேருதான்டா. நான் போடுறேன், அழாத" என்றாள்.

"அப்ப நாளைக்கு வேல இருக்கா?"

"இல்லடா. நாளைக்கு லீவு."

"நாளான்னைக்கு?"

"அன்னைக்கும் லீவுதான்."

அவன் சமாதானமாகி என் தோளில் தலையைச் சாய்த்தான். மறுபடியும் தூறத் தொடங்கியது. மகள் என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் லீவாம்மா?"

நான் நின்றுவிட்டேன். மேசையில் அந்த வினாத்தாள் விரித்தபடியே கிடக்கிறது. சிவப்புப் பேனாவும் அதன் மேலேயே கிடக்கிறது. இந்த ஒரு கணக்கை இன்றைக்குச் சரியாகப் பிடித்துவிட்டால் நாளைக்கு அடுத்ததைத் தொடங்கலாம் என்று, அந்த நேரத்திலும், பாழாய்ப்போன மனசு கணக்குப் போட்டது. அவள் இன்னும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணியின் கையைப் பிடித்த மாதிரி என் கையைப் பிடித்துக் கெஞ்ச அவளுக்குத் தோன்றவில்லை.

"ஆமா, ஒனக்கும்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. வீடு வந்ததும் காலைக் கழுவிவிட்டு, நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள்.