நாற்பதில் ஒரு கோடு

ஆறாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு ஜப்பானியத் தொலைக்காட்சி பிறந்த கதையை எடுத்துக்கொள்ளப் போவதாக என் மகள் சொன்னபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மற்ற பிள்ளைகளெல்லாம் எரிமலை, செடி, பேட்டரி என்று போய்க்கொண்டிருந்தார்கள். இவள் ஓயாமல் பார்க்கிற ஜப்பான் கார்ட்டூனுக்காக எத்தனை நாள் திட்டியிருப்பேன்!

அந்த நாட்டில் ஒளிபரப்பு தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே, ஒரு பள்ளி ஆசிரியர் தம் மொழியின் ஒரே ஓர் எழுத்தைத் திரையில் கொண்டுவந்தாராம். பிறகு ஒளிபரப்பு வந்ததும், பெட்டி வாங்க வசதியில்லாத ஜனங்கள் சதுக்கத்தில் வைத்த டிவியின் முன்னால் முண்டியடித்துக்கொண்டு மல்யுத்தம் பார்த்தார்களாம். அவள் சொல்லச் சொல்ல, நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அந்த எழுத்தைத் தானும் காட்டியே தீருவேன் என்று ஒரே பிடிவாதம். விளிம்போரம் நாற்பது துளைகள் போட்ட வட்டத் தகடு, பின்னால் எழுத்தின் வடிவத்துக்கு ஏற்றபடி அணைந்து அணைந்து எரியும் ஒரு சின்ன விளக்கு. தகடு வேகமாகச் சுழலும்போது ஒவ்வொரு துளையும் ஒரு கோடு வரையும். நாற்பதும் சேர்ந்தால் எழுத்து. ஆறு வாரம் கராஜே கதி என்று கிடந்தாள். ஜெயித்தால் அடுத்த சுற்று, அதையும் தாண்டினால் மாநிலப் போட்டி.

கண்காட்சியன்று காலை, எங்கள் ஊரான ஆலனில், பள்ளிக்கூட பார்க்கிங்கில் காரை நிறுத்தினேன். அவள் போஸ்டரைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். நான் சும்மா இருப்பேனா? புதுக் காருக்கே பொட்டு வைக்காமல் சாவி போடாதவள். கைப்பையிலிருந்த சந்தனத்தைக் குழைத்து, காரிலிருந்த தகட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு, மேலே குங்குமம். மனசு நிறைந்துவிட்டது.

கண்காட்சி நடந்த பள்ளி ஜிம்மில் நடுவராக வந்த பெண்மணி எங்கள் மேசைக்கு வந்தார். தகடு சுழன்றது. எழுத்து வந்தேவிட்டது! ஆனால் அதன் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. மகள் தகட்டை நிறுத்திப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா, டிட் யூ புட் பொட்டு ஆன் திஸ்?”

“நல்லபடியா நடக்கட்டும்னு ஒண்ணே ஒண்ணுதான்டி வச்சேன்!”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு வார உழைப்பை ஒரே விரலால் கெடுத்துவிட்டேனே பாவி! நாப்கினை எடுத்துக்கொண்டு துடைக்கப் பாய்ந்தேன்.

“வெயிட், அம்மா!”

என் கையைத் தடுத்துவிட்டு, நடுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் கடகடவென்று பேச ஆரம்பித்தாள். அம்மா அடைத்தது ஒரு துளை, அதனால் காணாமல் போனது ஒரு கோடு. படம் மொத்தமாக வருவதில்லை, கோடு கோடாகத்தான் வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? குரலில் துளி நடுக்கமில்லை. எனக்குப் புல்லரித்தது.

நடுவர் குனிந்து பார்த்தார். இன்னொரு முறை சுழற்றச் சொன்னார். பக்கத்து மேசையிலிருந்த நடுவரையும் கையசைத்துக் கூப்பிட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் அப்படியொரு வெளிச்சம்.

“அம்மா, டூ மோர் பொட்டு! குவிக்!”

மறுபடி சந்தனத்தைக் குழைத்தேன். இந்தத் தடவை எந்தெந்தத் துளை என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.